சனசமூக நிலையங்களைப் பின்னேரத்தில் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. புதிதாகக் கட்டிய சனசமூக நிலையம், வாசலில் வாழை, நாடா வெட்டும் பிரமுகர், பக்கத்தில் கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்து நிற்கும் ஊரவர், பெயர்க்கல். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அடுத்த மாதம் என்ன நடக்கிறது, அதற்கடுத்த மாதம் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வெட்டாமல் போட்டால் நன்றி.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நான் சைக்கிளில் போய்வரும் பாதைகளில் இருக்கிற நிலையங்களைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால் அனேகமானவை பூட்டியே கிடக்கின்றன. காலையில் முன்பள்ளி நடக்கும், மத்தியானத்துக்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதோடு சரி. உள்ளே மாபிள் பதித்த நிலம், மின்விசிறி, சுவரில் பெரிய தொலைக்காட்சி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்ரிக் கதிரைகள். அந்தக் கதிரைகள் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போய் வருகின்றன, அது நல்ல உபயோகம், குறை சொல்லவில்லை. ஆனால் திறப்பு யாரிடம் என்று கேட்டால் செயலாளரிடம் என்பார்கள், செயலாளர் எங்கே என்றால் வேலையால் வர ஏழு மணியாகும் என்பார்கள். அதற்குள் பெடியள் வெளி மதிலில் குந்தியிருந்து போனைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். இளைஞர்கள் போதைப்பொருளுக்குப் பழகிக் கெட்டுப்போகிறார்கள் என்று அதே மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறோம், கூட்டம் முடிந்ததும் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய் விடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போய் இருப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் என்பது இப்படியா இருந்தது? வாசிகசாலையாகத் தொடங்கியவைதான் பல. ஒரு ஓலைக் கொட்டில், ஒரு நீள மேசை, இரண்டு வாங்கு, பத்திரிகை. ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு அங்கேயே நாடகம் பழகினார்கள், கரப்பந்தாட்டத்துக்கு வலை கட்டினார்கள், ஒழுங்கைக்குக் கல் போட்டார்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். இந்தக் கையெழுத்துப் பத்திரிகை பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நல்ல எழுத்து உள்ள ஒருவர் கொப்பியில் எழுதுவார், படம் கீறத் தெரிந்தவர் அட்டை கீறுவார், கதையும் கவிதையும் ஊர்ப் பிள்ளைகளுடையது, ஒரேயொரு பிரதி வாசிகசாலை மேசையில் கிடக்கும், ஊரே வந்து வாசிக்கும், கடைசிப் பக்கங்களில் வாசித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள். பெரிய எழுத்தாளர்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். 1940களில் யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களான மறுமலர்ச்சிக் குழுவினர்கூட முதலில் கையெழுத்துச் சஞ்சிகைதான் நடத்தினார்கள், 1946இல்தான் அது அச்சுக்குப் போனது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பது உலகத்துக்கே தெரியும். ஊர் ஊராக இருந்த சின்ன வாசிகசாலைகளில் என்ன போனது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோதும், 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே ஒரே இரவில் எழும்பிப் போனபோதும் நாடகக் கொப்பிகளையும் கூட்ட அறிக்கைப் புத்தகங்களையும் யார் தூக்கிக்கொண்டு போவது, பிள்ளையைத் தூக்கவே கை காணவில்லை. ஒரு பிரதி மட்டும் இருந்த கையெழுத்துப் பத்திரிகை போனால் போனதுதான். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. ஆகவே கட்டடத்தைத் திரும்பக் கட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கட்டடம் எழும்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம், அந்தக் கொட்டிலுக்குள் சேர்ந்து செய்த வேலைகளைத் திரும்பத் தொடங்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு நிலையம் தொடங்கியிருக்கிறது, அதைச் சொல்கிறேன். கார்த்திகை மழை ஓய்ந்து காற்று மாறுகிற நாட்களில் பின்னேரம் நாலரைக்கு மண்டபத்தைத் திறந்து விடுகிறார்கள், பட்டம் கட்டுவதற்கு. பட்டம் கட்டுவதில் பெயர் எடுத்த ஒரு மேசன் மாமா இருக்கிறார், அவர் மூங்கிலைப் பிளந்து கத்தியால் சீவிக் கொடுக்க, பிள்ளைகள் அதை விரலில் வைத்து இரண்டு பக்கமும் பாரம் சரியா என்று பார்க்கிறார்கள். ஒரு பக்கம் பாரமாய் இருந்தால் திரும்பவும் சீவ வேண்டும், அதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. நூலால் கட்டி, கோதுமைமாப் பசை காய்ச்சி, தாள் ஒட்டி, அப்புறம் ஏற்றுகிற நூலைப் பட்டத்தோடு பிணைக்கிற முச்சை. முச்சையில் ஒரு விரல் அளவு பிசகினாலும் பட்டம் ஏறிய கையோடு ஒரு பக்கம் சாய்ந்து குத்தும். காற்றில் கூவுவதற்காகப் பட்டத்தில் கட்டுகிற விண்ணுக்கு நார் இழுத்துக் கட்டி, கயிற்றில் சுழற்றி, கூவுகிற சத்தம் பிடிக்கவில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிற பத்து வயதுப் பிள்ளையை அங்கே பார்த்தேன். அந்தப் பொறுமையை எந்த ரியூசன் கொட்டிலில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கொக்குப் பட்டம், எட்டுமூலை, பிராந்து என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கட்டினார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பட்டம். பெட்டைகளும் வந்தார்கள், முதல் இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தார்கள், மூன்றாம் நாள் உள்ளே வந்து இருந்துவிட்டார்கள்.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க நாலா பக்கமும் இருந்து சனம் போகிறது. அத்தனை பெரிய காரியம் ஊர்ச் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் முன்னின்று செய்வது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரவர்கள் மாதக்கணக்காக இரவிரவாக இருந்து கட்டுகிறார்கள், வானத்தில் ஏறும்வரை என்ன உருவம் என்று வெளியில் விடுவதில்லை. நிலையம் நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேடவில்லை.

நான் சொன்ன அந்தப் பக்கத்து ஊர் நிலையம் பட்டத்தோடு நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் மாதர் சங்கத்து ஆட்கள் பனையோலை வேலை பழக்குகிறார்கள். ஓலையை வார்ந்து, சாயம் போட்டு, பெட்டி இழைக்கிறார்கள். மூலை திருப்புகிற இடத்தில்தான் புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள், அப்போது ஒரு அம்மம்மா எழும்பாமலே கையை நீட்டி வாங்கி, இரண்டு ஓலையை மாற்றிப் போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கிறார். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் என்று கேட்டால் கடையில் பிளாஸ்ரிக் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அந்த அம்மம்மாவின் கையில் இருக்கிற வேலை அவரோடு போகாமல் இன்னும் நாலு கைக்கு வருவதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு யோசனையும் அங்கே கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லா நிலையமும் எடுத்துச் செய்யலாம். ஊரில் எண்பது தாண்டியவர்களை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் போய்க் கண்டு, போனில் பதிவு செய்வது. எந்தக் கிணற்றுக்கு என்ன பெயர், எந்த வயலில் என்ன விளைந்தது, கூத்துப் போட்ட வெளி எது, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்தக் குடும்பம் எந்த ஆண்டு எங்கே போனது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கோயில் மலர்களையும் நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது, யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். ஊரில் எவருடைய பெட்டகத்திலாவது பழைய நாடக அழைப்பிதழோ விளையாட்டு விழா மலரோ கிடந்தால் அதையும் படம் எடுத்து அங்கே சேர்க்கலாம். தப்பியது கொஞ்சம்தான், அதுவும் கறையான் தின்ன விடுவதா?

இனிச் சிலருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று. ஒரே கிராமத்தில் ஏன் மூன்று நான்கு சனசமூக நிலையங்கள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்? காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் சாதி பார்த்து ஒரு குறிச்சிக்காரரை மற்றக் குறிச்சி வாசிகசாலையில் இருக்க விடாததால் அவர்கள் தங்களுக்கென்று கட்டினார்கள், தங்கள் உழைப்பில் தலை நிமிர்ந்து கட்டினார்கள். 1960களில் கோயில் கதவுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் முன்னால் நடந்த போராட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இப்போது சட்டப்படி யாரும் எங்கும் போகலாம், ஆனாலும் போவதில்லை. இதைப் பேச்சால் மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை, நிறையப் பேச்சுக் கேட்டாயிற்று. இரண்டு நிலையத்துப் பிள்ளைகள் ஒரு பட்டத்தைச் சேர்ந்து கட்டினால், ஒரு நாடகத்தில் சேர்ந்து நடித்தால் ஏதாவது அசையும். மட்டக்களப்பில் சீலாமுனைக் கிராமத்து மக்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த கலாநிதி சி. ஜெயசங்கரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார்கள். பழைய கூத்தை அப்படியே ஆடாமல், அதில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் உள்ளதை ஊராக இருந்து கதைத்து, கேள்வி கேட்டு, மாற்றி எழுதி ஆடினார்கள். ஆடினவர்களே கேள்வி கேட்டதுதான் அங்கே பெரிய விஷயம். எங்கள் காத்தவராயன் கூத்தையும் இசை நாடகத்தையும் எடுத்து இங்கே அப்படிச் செய்ய என்ன தடை?

தடை என்று சொல்லப்படுவதும் எனக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும் என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன் என்று ஓடுகிற பிள்ளை கிழமையில் இரண்டு பின்னேரம் கையால் ஒரு வேலை செய்வதால் படிப்புக் கெடாது. பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டில் எப்படி வருவார்கள் என்கிறார்கள். ஒழுங்கைக்கு லைற் போடுங்கள், ஆறரைக்கு முடியுங்கள், இரண்டு தாய்மார் கூட இருக்கட்டும். சாமான் களவு போய்விடும் என்கிறார்கள். ஆள் இருக்கிற கட்டடத்தில் களவு குறைவு, பூட்டிக் கிடக்கிறதில்தான் பயம்.

2023 மார்ச்சோடு கலைந்த பிரதேச சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்து, இப்போது எங்கள் தெரிவு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகக் கேட்கிறேன். நிலையங்களுக்கு உதவி ஒதுக்கும்போது கட்டடத்தையும் கணக்கறிக்கையையும் மட்டும் பார்க்காதீர்கள், கிழமையில் எத்தனை பின்னேரம் திறந்திருந்தது, அங்கே என்ன செய்தார்கள் என்று ஒரு கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதம் என்று போட்டி வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறோம், அந்த மாதத்திலேயே ஒவ்வொரு நிலையமும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையைத் தொடங்கினால் நவம்பரிலும் அது ஓடும்.

நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. இளையவர்களில் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒவ்வொரு திறப்பு வெட்டிக் கொடுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள், தேநீர் பரிமாற மட்டும் கூப்பிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளே, நீங்கள் குளிரில் வேலை செய்து அனுப்புகிற காசு அது, அதை நாங்கள் மறக்க மாட்டோம். இனி மதிலுக்கும் பெயின்ற்றுக்கும் அனுப்புவதில் கொஞ்சத்தைக் குறைத்து மூங்கிலுக்கும் தாளுக்கும் ஓலைக்கும், பழக்குகிறவருக்கு ஒரு சின்னச் சம்பளத்துக்கும், கரன்ட் பில்லுக்கும் அனுப்புங்கள். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது, ஆனால் மூன்று நான்கு பேராவது ஒவ்வொரு பின்னேரமும் அங்கே இருப்பார்கள். கோடை விடுமுறைக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருத்துங்கள், தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை, நூல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கடைசியாக உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. உள்ளூர்ப் பக்கத்தில் மாதம் ஒருமுறை கால் பக்கம் தாருங்கள். நிலையங்களில் பிள்ளைகள் எழுதியதும் கீறியதும், முதியவர்களிடம் கேட்டுப் பதிந்ததும் அதில் வரட்டும், எந்த நிலையம் எந்த நாளில் திறந்திருக்கும், என்ன பழக்குகிறார்கள் என்ற அறிவித்தலும் வரட்டும். எங்கள் பக்கத்து நிலையங்களில் இருந்து ஆக்கங்களைச் சேர்த்து உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிற வேலையை நான் பார்க்கிறேன். அடுத்த மாதத்துக்கு வேண்டியது ஏற்கனவே கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வலிகாமம்