படகு எங்கே நிற்கும் என்று முதலில் சொல்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படகின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று 20 அடி பான்டூன், அதாவது இரண்டு மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் போட்ட படகு, இன்னொன்று 16 அடி அலுமினிய மீன்பிடிப் படகு, இரண்டிலும் 40 ஹெச்.பி. இன்ஜின். இருக்கையின் நிறம், பாட்டுப் பெட்டி, டம்ளர் வைக்க எத்தனை குழி இருக்கிறது என்பது வரை எழுதியிருக்கிறாய். ஆனால் நான் தேடியது அதில் இல்லை. ஏரியிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் படகு எங்கே நிற்கும்? துறையில் தண்ணீரிலேயே கட்டிப்போட இடம் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி இழுத்துக்கொண்டு போய் இறக்க வேண்டுமா? மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன், துறையில் இடம் இல்லை, வீட்டு ஓரத்தில்தான் நிறுத்தப் போகிறோம் என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது.

எது நல்ல படகு என்று கேட்கிறாய். இத்தனை காலம் படகும் இன்ஜினும் பழுது பார்த்த ஆளாகச் சொல்கிறேன், இரண்டுமே நல்ல படகுதான். ஆனால் பான்டூன் தண்ணீரிலேயே இருக்கிறவர்களுக்கான படகு. துறைக்கு நடந்து போய்க் கயிற்றை அவிழ்த்தால் போதும் என்கிற வீட்டில் அதற்கு இணை கிடையாது. அதையே டிரெய்லரில் ஏற்றினால் படகு, இன்ஜின், பெட்ரோல், பேட்டரி, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 1,200, 1,300 கிலோ வரும். உன் கார் எவ்வளவு இழுக்கும் என்று காரின் கையேட்டில் போட்டிருக்கும், முதலில் அதைப் பார். அலுமினியப் படகு டிரெய்லரோடு சேர்த்தே அதில் ஏறக்குறைய பாதிதான். அதை நீ ஒருத்தியே தண்ணீரில் இறக்கி, ஒருத்தியே திரும்ப ஏற்றிவிடலாம். பான்டூனுக்கு, அதுவும் பக்கக்காற்று அடிக்கும் நாளில், கயிற்றைப் பிடிக்கக் கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு ஓய்வில்லாத வாரங்களில் நீ தனியாகப் போவாயா, இல்லை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவாயா? உன்னைப் பற்றி உனக்கே தெரியும்.

பான்டூனைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்பு டிரம்களை இரண்டு வரிசையாக இணைத்து அதன் மேல் ஒரு மரத்தளத்தைப் போட்டு ஏரியில் விட்டார், அதிலிருந்துதான் இன்றைய பான்டூன் வளர்ந்தது. ஆக அது பிறந்ததே மிதக்கும் திண்ணையாகத்தான். எட்டரை அடி அகலம் வரை இருக்கும், பிள்ளைகள் எழுந்து நடந்தாலும் ஆடாது, மூட்டுவலிக்கார உன் மாமியார் துறையிலிருந்து நேராக உள்ளே கால் வைக்கலாம், நிழலுக்கு மேலே துணிக்கூரை. பேசிக்கொண்டே அரை நாள் தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் அதைவிட வசதியானது இல்லை.

சிக்கல் காற்றில்தான். சுற்றி வேலி, மேலே கூரை, அதற்குக் கீழே தண்ணீரில் ஆழமாக இறங்காத இரண்டு குழாய்கள். காற்று பிடித்துத் தள்ள இவ்வளவு இடம் இருந்தால் நங்கூரம் எப்படி நிற்கும்? விற்கிறவர் "இதிலும் மீன் பிடிக்கலாம்" என்பார். பிடிக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தில் நிறுத்தித் தூண்டில் போட நினைக்கிறபோது படகு மெல்ல மெல்ல வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும், செடி அடர்ந்த ஓரத்துக்குள்ளும் குறுகிய ஓடைக்குள்ளும் அதைக் கொண்டுபோகவே முடியாது. அப்புறம் அந்த 40 ஹெச்.பி. விஷயம். நாலு பேரோடு அமைதியான தண்ணீரில் அது பான்டூனை நன்றாகத்தான் நகர்த்தும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது இன்ஜின் கத்தும், கரை கிட்டவே வராது. அதே 40, 16 அடி அலுமினியத்தில் தாராளம்.

அலுமினியப் படகின் குறைகளையும் கேட்டுக்கொள். பக்கவாட்டில் எழுந்து நின்றால் சாயும். ஒரு குறடு கீழே விழுந்தால் தட்டில் அடித்த மாதிரி ஏரி முழுக்கக் கேட்கும், மீன் ஓடிவிடும் (தரையில் ஒரு பழைய கம்பளத்தை விரித்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்). அலை இருக்கும் நாளில் தண்ணீர் தெறித்து நனைவாய். இதில் ஒன்றைக் கவனி, அடிப்பாகம் தட்டையாக இருக்கிற ஜான் போட் என்கிற வகை வேறு, நீ படம் அனுப்பிய 'வி' வடிவ வகை வேறு. தட்டையானது ஒரு சாண் தண்ணீரிலும் போகும், நிற்கும்போது கொஞ்சம் உறுதியாகவும் இருக்கும், ஆனால் சின்ன அலைக்கே முதுகெலும்பை உலுக்கும். 'வி' அலையை வெட்டிக்கொண்டு போகும். உங்கள் ஏரி பெரியது, மதியத்துக்கு மேல் காற்று எழும் என்கிறாய், அதனால் 'வி'யைத்தான் பார்.

எத்தனை பேர் ஏறலாம் என்றால், சின்ன மீன்பிடிப் படகுகளுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நீளத்தை அகலத்தால் பெருக்கி, இரண்டையும் அடியில் வைத்து, 15ஆல் வகுக்க வேண்டும். 16 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் ஆறு பேர். அமைதியான நாளுக்குத்தான் அந்தக் கணக்கு, நீங்கள் நாலு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பான்டூனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதில் பொருத்தியிருக்கும் தகட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான்.

ஆகவே என் வாக்கு அலுமினியத்துக்கு. மாமியார் வரும் நாட்களில் ஒரு பான்டூனை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டில் சில நாட்கள்தானே. நாளைக்கே துறையில் இடம் கிடைத்தால் என் பேச்சை மாற்றிக்கொள்வேன், அப்போது மறுபடி பேசலாம்.

இரண்டுமே பழைய படகு என்பதால் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியப் படகை டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பானை மாட்டி, உள்ளே தரை மறையும் அளவுக்கு மட்டும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடச் சொல். வழிய வழிய நிரப்பக் கூடாது, அந்தக் கனத்துக்கு டிரெய்லர் தாங்காது. பத்து நிமிடம் கழித்துக் கீழே குனிந்து பார், தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டில் எது சொட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு சொட்டினால் பரவாயில்லை, திரும்ப இறுக்கலாம், ஒரு வரிசையே சொட்டினால் திரும்பி வந்துவிடு. அடுத்து இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகை. இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பார், பலகை வளைந்தால் உள்ளே இருக்கும் மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம், அது பெரிய செலவு. பான்டூனையே எடுப்பதென்று பிடிவாதமாக இருந்தால் தளம் முழுக்க நடந்து பார், கால் அமுங்கும் இடத்தில் கீழே பலகை அழுகியிருக்கும். தண்ணீரில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

விற்கிறவர் அடியில் பூச்சு அடித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னால், என்ன பூச்சு என்று கேள். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சுகளில் பலவற்றில் செம்பு இருக்கும். செம்பும் அலுமினியமும் தண்ணீரில் ஒன்றை ஒன்று தொட்டால் அலுமினியம்தான் அரித்துப் போகும். படகுக்குள் செம்பு நாணயத்தைக்கூடப் போட்டு வைக்காதே.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இரு. அவரவர் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட், கரையிலேயே மாட்டியாக வேண்டும். வாடகைப் பான்டூனில் போகும்போது முன் வேலிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார யாரையும் விடாதே, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறி விழுந்தால் படகு மேலேயே ஏறிப்போகும், பின்னால் புரொப்பல்லர் வருகிறது. கூட்டமாக எல்லோரும் முன்பக்கம் போனாலும் மூக்கு தாழ்ந்து அலை உள்ளே ஏறிவிடும். பெரிய அலை எதிரே வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறை, கிட்டே வந்தபின் சட்டென்று நிறுத்தினால் இன்னும் தாழும். நீந்த இறங்கும் ஏணி பெரும்பாலும் இன்ஜின் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகுதான் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிறு ஒன்று இருக்கும், அதை உன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள், நீ மாட்டினால்தான் மாப்பிள்ளையும் மாட்டுவார்.

அந்த 16 அடிப் படகின் தகட்டையும், பின்பலகையை உள்பக்கமிருந்தும் படம் எடுத்து அனுப்பு. இன்ஜினை முதல் நாள் ஓடவிட்டுச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிடு, குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது, சாவி என்றால் எத்தனை நொடியில் கிளம்புகிறது என்று வீடியோ எடு. அதைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.

அப்பா