பாறு காக்கும் பணி: சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், சிறியூர், ஆனைகட்டி பக்கமிருந்து பட்டி மாடுகளை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளின் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பள்ளி ஓவியப் போட்டியும், செப்டம்பர் முதல் சனிக்கிழமையில் வரும் சர்வதேசப் பாறு விழிப்புணர்வு நாள் ஊர்வலமும் வழக்கம்போல் நன்றாக நடந்தன. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நன்றி. இந்த முறை மக்கள் ஆதரவு என்ற ஒரு விஷயத்துக்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் நாம் நடத்திய கையெழுத்து இயக்கத்தில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. சங்கம் தொடங்கிய காலத்தில் "பிணந்தின்னிக் கழுகுக்கு ஒரு சங்கமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இன்று டீக்கடையில் நிற்பவர்களே "இந்த வருஷம் நீர்மருது மரத்தில் கூடு கட்டியிருக்கா?" என்று விசாரிக்கிறார்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கின் பெயரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இதெல்லாம் மனநிறைவு தருகிறது.

ஆனால் பாறுகள் விஷயத்தில் பெரும்பான்மை ஆதரவு போதாது. இதை இந்தக் கூட்டத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1990களில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிநிவாரணிதான் காரணம் என்பது 2004-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. அந்த மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, சில நாட்களில் உயிர் போய்விடும். அவ்வளவு பெரிய அழிவுக்கு நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு சடலத்தில் பத்து இருபது பறவைகள் சேர்ந்து இறங்குகின்றன. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. அதனால் தொண்ணூற்றொன்பது வீட்டார் நம் பக்கம் நின்று ஒரே ஒரு வீட்டில் பழைய மருந்து ஊசியில் ஏறினாலும், அந்த ஒரு மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிடலாம்.

திருக்கழுக்குன்றத்தை எண்ணிப் பாருங்கள். வேதகிரீஸ்வரர் மலையில் அர்ச்சகர் வைக்கும் உணவைத் தின்ன மஞ்சள்முகப் பாறுகள் இரண்டு வந்துகொண்டிருந்தன. 1998-க்குப் பிறகு வரவில்லை. அங்கே அவற்றை யாரும் விரட்டவில்லை, கைகூப்பிக் கும்பிட்டார்கள். கும்பிடும் மக்கள் சூழ இருந்த பறவையையே நம்மால் காப்பாற்ற முடியவில்லை.

மருந்து விஷயத்தில் சட்டம் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்தை மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால், 2015-இல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. 2023 ஜூலையில் பாறுகளுக்கு ஆபத்தான மற்ற வலிநிவாரணிகளான கீட்டோபுரோபேனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டன. நம் அறிக்கை ஆண்டுக்குள்ளேயே, 2024 டிசம்பர் இறுதியில், அதே வகை மருந்தான நிமசுலைடைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தவும் தடை வந்தது. எத்தனையோ பேர் பல ஆண்டுகள் மனு எழுதி, வழக்காடி, ஆய்வு செய்து பெற்ற வெற்றி இது. அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கூட்டத்தின் சார்பில் நன்றி.

பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறியப்பட்ட மெலாக்சிகமும் டோல்பினமிக் அமிலமும் கிடைக்கின்றன. நம் உறுப்பினர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாகப் போய் இதைப் பேசினார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். ஒரு கடையில் மட்டும், "கேட்கிறவருக்குக் கொடுக்காவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போவார்" என்று பதில் வந்தது. கோபம் வந்தாலும் அவர் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர் மாற வேண்டும்; அதற்குக் கொட்டகைக்குப் போய்த்தான் பேச வேண்டும். ஆகவே வரும் ஆண்டில் கடைப் பயணத்தைக் குறைத்து, கால்நடை மருத்துவர்களுடன் சேர்ந்து பட்டிகளுக்குப் போக நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

அடுத்தது விஷம். அதைப் பேச எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் விஷம் வைப்பவர் நம் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். புலியோ சிறுத்தையோ கறவை மாட்டை அடித்துவிடுகிறது. அந்த வீட்டுக்கு மாதச் செலவே அந்தப் பாலில்தான். ஆத்திரத்தில் மிச்சச் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நம் நீலகிரியின் எமரால்டு அருகே அப்படித்தான் இரண்டு புலிகள் இறந்தன. அதே சடலத்தில் பாறுகள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாறு அந்த வீட்டுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. புலி மேல் உள்ள கோபத்தில் சாவது அதுதான்.

இங்கே சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. இழப்பீடு கிடைக்கும் என்று சொல்கிறோம். ஆனால் கால்நடை மருத்துவர் சான்று, புகைப்படம், வங்கிப் பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகத் திரட்டிக்கொண்டு அலைந்து, ஒரு அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்ட ஓர் அம்மா நம் கூட்டத்திலேயே அழுதார். அவரிடம் பாறு, புலி போன்றவற்றுக்கு உச்சப் பாதுகாப்பு தரும் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பற்றிப் பேசும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அதனால்தான் இந்த ஆண்டு உடனடி உதவி நிதியைத் தொடங்கினோம். மாடு அடிபட்டால் முதலில் நம் உறுப்பினருக்கோ வனக்காப்பாளருக்கோ போன் செய்ய வேண்டும். சடலத்தில் எதுவும் தெளிக்கக் கூடாது. சமீபத்தில் அந்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடை செய்யப்பட்ட மருந்து என்றால் புதைத்துவிடலாம், சுத்தமான சடலம் என்றால் பாறுகளுக்கே விடலாம். இதைச் செய்பவருக்கு அரசு இழப்பீடு வரும் வரை சங்கம் ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுக்கிறது, காகித வேலைக்கும் ஆள் அனுப்புகிறது. தொகை சிறியது. ஆனாலும் சடலம் கிடக்கும் அன்றே ஒருவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பேசுவதால் ஆத்திரம் தணிகிறது. இந்த ஆண்டு நமக்கு வந்த போன் எல்லாமே மாட்டுக்காரர்கள் தாமாகச் செய்தவை. கையெழுத்து இயக்கத்தின் காகிதக் கட்டைவிட இந்த அழைப்புகளைத்தான் நான் ஆதரவு என்று எண்ணுகிறேன்.

மற்ற இரைகொல்லிப் பறவைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்று வல்லூறு மேல் உண்டிவில்லில் கல் அடிப்பதும், அபசகுனம் என்று ஆந்தைப் பொந்தை அடைப்பதும் இன்னும் நடக்கின்றன. குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் வைத்தால் முதல் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். ஆந்தைக்கு வயல் எலியே சாட்சி சொல்லும். இந்த வேலையை மாணவர் பிரிவு நன்றாகச் செய்கிறது, அவர்களிடமே விட்டுவிடலாம்.

மாதக் கூட்டம் ஒன்றில் நாகாலாந்து கதையைப் பேசினோம். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைபீரியப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமுர் வல்லூறுகள் வோக்கா மாவட்டத்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் தங்கும். 2012-இல் அங்கே மீன்வலையை மரங்களுக்கிடையே கட்டிப் பிடித்து, ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டே வேட்டை நின்றது. அரசும் அமைப்புகளும் உதவின. ஆனால் தடையை ஊருக்குள் நிலைநிறுத்தியது பாங்தி போன்ற கிராமங்களின் சபைகள்தான். அப்புறம், அங்கிருந்து செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய பறவைகளில் ஒன்றுக்குப் பாங்தி என்றே பெயர் வைத்தார்கள். வலை கட்டியவர்களே காவலுக்கு நின்ற ஊர் அது. நம் ஊர்ச் சபைகளும் விஷம் வைப்பதில்லை என்று தீர்மானம் போட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கணக்கெடுப்பு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அந்த டிசம்பர் இறுதியில் 320-ம் பதிவாயின. நல்ல செய்திதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை ஒரே ஆண்டில் இவ்வளவு பெருகிவிட்டது என்று மேடையில் பேச வேண்டாம். சரியான போக்கு தெரிய இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ண வேண்டும்.

இந்தப் பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். ஆண்டுச் சந்தாவில் பாதியை உடனடி உதவி நிதிக்கு ஒதுக்க வேண்டும். கால்நடை இழப்பீட்டுக்குக் காலக்கெடு நிர்ணயிக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் மனு கொடுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், அவரவர் ஊரில், சடலத்தில் விஷம் வைப்பதற்கு எதிரான தீர்மானத்தை நம் உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். விவாதத்துக்குப் பின் வாக்கெடுப்பு நடக்கும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக மாடு இழந்தவர்கள், முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் மதிய உணவுக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்