எல்லா அறையிலும் ஒரே நேரத்தில்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு ஏதோ அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனது ஆறவில்லை. ஐந்து அறைக்கும் ஐந்து ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன், எது நன்றாக இருக்கும் என்று கேட்டாய். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை நான் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று, பணமும் போயிற்று. உனக்கு அந்த இரண்டும் மிச்சமாகட்டும்.

நான் முதலில் செய்தது இதுதான். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். கைபேசியில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளுக்கு ஒலி அனுப்பும் வசதி இருந்தது. பாட்டைப் போட்டேன். ஹாலில் நின்றால் நன்றாக இருந்தது, படுக்கையறையில் நின்றாலும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள நடையில் நின்றபோது பாடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொன்னார். கிணற்றுக்குள் குனிந்து பேசினால் குரல் திரும்பி வருமே, அப்படி. ஐந்து நிமிடத்தில் உன் அப்பா, தலை வலிக்கிறது, நிறுத்து என்றார்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் கடக்க 3 மில்லிநொடி. அதனால் பத்து மீட்டர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கரின் ஒலி உன்னிடம் வந்து சேர 30 மில்லிநொடி ஆகும். இந்த அளவு தாமதத்தை நம் மூளை பொறுத்துக்கொள்கிறது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சற்று முன்பின்னாக வந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டு. பேச்சில் 40, 50 மில்லிநொடியைத் தாண்டினால் எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கிவிடும். புளூடூத் ஸ்பீக்கரோ வரும் ஒலியை 100, 200 மில்லிநொடி பிடித்து வைத்துத்தான் வெளியே விடுகிறது. எவ்வளவு பிடித்து வைக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். என் நடையில் கேட்ட இரட்டைக் குரல் அந்த வித்தியாசம்தான்.

இதற்குள் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் ஓடுகிறது. எந்த இரண்டும் முழுக்க ஒத்து ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே போதும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிப் போய்விடும். ஆகவே தொடக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து விட்டால் மட்டும் ஆகாது, பாட்டு முடியும் வரை யாராவது நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீடு முழுவதற்கும் என்று செய்யப்பட்ட வைஃபை ஸ்பீக்கர்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒலியைத் துண்டு துண்டாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் இன்ன நேரத்தில் வெளியிடு என்ற குறிப்புடன், எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்த்து வாசிக்கின்றன. நீ நிறுத்து என்று தட்டினால் சில சமயம் சற்றுத் தாமதித்து நிற்பதும் இதனால்தான். அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதே.

எனவே ஐந்து அறைக்கும் ஒரே முறையைச் சேர்ந்த ஸ்பீக்கர்களாக எடு. சோனோஸ் 2005-இலிருந்து இதற்கென்றே கருவிகள் விற்கிறது. கூகுளின் காஸ்ட் முறை உண்டு, ஆப்பிளின் ஏர்ப்ளே முறை உண்டு. ஏர்ப்ளேயில் கைபேசியிலிருந்து ஒரே சமயத்தில் பல அறைகளுக்கு அனுப்புவது 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சாத்தியமாயிற்று, பழைய கருவி யாராவது கொடுத்தால் அதைப் பார்த்து வாங்கு. வீட்டில் நீ ஐபோன், மருமகள் ஆண்ட்ராய்டு. இருவர் கையிலும் வேலை செய்வதாக இருக்க வேண்டும். உன் கைபேசி வெளியே போனதும் வீட்டில் பாட்டு நின்றுபோகும் ஏற்பாட்டைச் செய்து வைக்காதே. அவளுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்பது உனக்குத் தெரியாது. காஸ்ட் முறையில் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது, கைபேசி வெறும் ரிமோட். புளூடூத்தில் கைபேசிதான் பாட்டைச் சுமக்கிறது, அழைப்பு வந்தால் பாட்டு அறுந்துவிடும்.

வாங்குமுன் இன்னொன்றையும் பார். அந்த நிறுவனத்தின் செயலி நாளைக்கு இல்லாமல் போனால் ஸ்பீக்கர் என்ன ஆகும்? எனக்கு ஒன்று அப்படிப் போயிற்று. ஒலி குறையே இல்லாத நல்ல பெட்டி, செயலியை நிறுத்திவிட்டார்கள், இப்போது அலமாரியில் சும்மா இருக்கிறது. பின்பக்கம் கம்பி செருகும் சாதாரண ஆக்ஸ் துளையாவது, புளூடூத்தாவது கூடுதலாக இருக்கும் ஸ்பீக்கராக எடுத்தால் எந்தக் காலத்திலும் பயன்படும்.

இப்போது உன் ரவுட்டர். அதை டிவிக்குப் பின்னால் அலமாரிக்குள் வைத்திருக்கிறாய், கடந்த முறை வந்தபோதே பார்த்தேன். எத்தனை விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் அந்த அலமாரி அதைக் கெடுத்துவிடும். வெளியே எடு. வீட்டின் நடுவாக, தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வை. இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி இவற்றுக்கு அருகில் வேண்டாம். தண்ணீர் வைஃபை அலைகளை விழுங்கும். பின்பக்கப் பையில் கைபேசியை வைத்துக்கொண்டு நடந்தால் புளூடூத் ஹெட்போன் விட்டுவிட்டுக் கேட்கிறதே, அங்கேயும் தடுப்பது நம் உடம்பில் இருக்கும் தண்ணீர்தான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது. அதை ஒட்டி ஸ்பீக்கர் வைத்தால் அடுப்பு ஓடும்போதெல்லாம் திக்கும். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோர்ந்துவிடும். இடம் மாறாத ஸ்பீக்கர் ரவுட்டருக்கு அருகில் இருந்தால் தயங்காமல் கம்பியால் இணை. கம்பியில்லா ஏற்பாட்டில் ஒரு கம்பி இருப்பது குறை ஆகாது, மற்ற நான்கு ஸ்பீக்கருக்கும் காற்றில் இடம் கிடைக்கும்.

செயலி ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. கைபேசி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, அலுவலகத்துக்காகப் போட்ட, இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடுகிறதா என்று பார். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்தேன்.

எல்லாம் இணைந்தபின் சோதிப்பதற்குப் பாட்டைப் போடாதே, செய்தி வாசிப்பதைப் போடு. பாட்டில் தாளமும் கார்வையும் பிழையை மூடிவிடும். பேச்சில் க, ச, ட, த வந்து விழும் இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அறைகளின் ஒலியும் சம அளவில் கேட்கும் வாசலில் நின்று கேள். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி நின்று கேள். அப்போதும் ஒரே குரலாக இருந்தால் கடிகாரம் ஒத்து ஓடுகிறது என்று பொருள்.

ஸ்பீக்கரை மூலையில் திணிக்காதே. இரண்டு சுவரும் சேரும் இடத்தில் கீழ்ச்சுரம் பெருகி, வீடே உறுமும். ஒன்றைச் சத்தமாக வைத்து வீட்டை நிரப்புவதைவிட நான்கை மெல்லமாக வைப்பது எவ்வளவோ மேல். இரண்டு ஸ்பீக்கரை ஜோடியாகச் சேர்த்து ஸ்டீரியோ கேட்பது ஹாலில் மட்டும் போதும். அங்கேதான் உட்கார்ந்து கேட்கிறீர்கள். நீ உட்காரும் நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கரும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். நடமாடுகிற அறைகளில் இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் மோனோ வை. இல்லாவிட்டால் இடப்பக்கம் மட்டும் கேட்கும் இடத்தில் நிற்பவருக்கு வலப்பக்க வாத்தியம் தொலைந்துபோகும். குளியலறைக்கு ஐபிஎக்ஸ்7 குறி உள்ளதாக வாங்கு, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். பேத்தியின் அறையில் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். அமைதியான அறை ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஹெட்போனைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அப்பாவுக்காக அதில் நான் நாட்கணக்கில் மல்லுக்கட்டினேன். இத்தனை வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர், காது மங்கிவிட்டது உனக்குத் தெரியும். டிவியின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, பக்கத்தில் நான் உட்கார முடியவில்லை. புளூடூத் ஹெட்போன் வாங்கி டிவியுடன் இணைத்தேன். ஒலி தெளிவு, ஆனால் உதடு முன்னால் போகிறது, குரல் பின்னால் வருகிறது. அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதி வார்த்தையைப் பிடிக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றில் இதற்கும் கணக்கு இருக்கிறது. படத்துக்கு முன்னால் ஒலி 45 மில்லிநொடி வந்தாலே மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் வந்தால் 125 வரை தெரிவதில்லை. மின்னல் முதலில், இடி பிறகு என்றே நாம் பழகியிருக்கிறோம் அல்லவா, அதனால் தாமதத்தைக் காது மன்னிக்கிறது. சாதாரண புளூடூத் பல சமயம் அந்த 125-ஐத் தாண்டிவிடுகிறது. கடைசியில் தனி டிரான்ஸ்மிட்டரோடு, அதாவது ஒலி அனுப்பும் பெட்டியோடு வரும் ரேடியோ ஹெட்போன் ஒன்றை வாங்கி, அந்தப் பெட்டியை டிவியின் பின்னால் உள்ள, ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் துளையில் செருகினேன். உதடும் குரலும் ஒன்றாயின. அவர் தம் அளவில் கேட்கிறார், நான் டிவி ஸ்பீக்கரில் என் அளவில் கேட்கிறேன். சில டிவிகளில் ஹெட்போன் துளையில் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அதனால்தான் ஆப்டிக்கல் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஒரே டிவியை நாலு பேர் நாலு ஹெட்போனில் கேட்க ஆராகாஸ்ட் என்ற புது வழி வந்திருக்கிறது, ரேடியோ நிலையம் மாதிரி ஒன்று ஒலிபரப்ப, எத்தனை பேரும் கேட்கலாம், காதுக்கருவியிலும் கேட்கலாம். அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். புது டிவி வாங்கும்போது இதை மறக்காமல் பார்.

மருமகளிடம் ஒன்று சொல். வீடியோ கூட்டத்தில் சேர்ந்தவுடன் ஹெட்போனில் ஒலி பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது என்று சலித்துக்கொண்டாளே, ஹெட்போன் பழுதில்லை. மைக் திறந்ததும் புளூடூத் பேச்சுக்கான குறுகிய பாதைக்கு மாறிவிடுகிறது. மைக் மட்டும் மடிக்கணினியுடையது என்று அமைப்பில் மாற்றிவிட்டால் கேட்கும் ஒலி பழையபடி வந்துவிடும்.

இதை மட்டும் அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. குழந்தைகளுக்கு 75-தான். நீ பயணத்தில் இரைச்சலை மூழ்கடிக்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாய். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் எடுத்துக்கொள், கூட்ட வேண்டியிராது. உள்காதின் உணர்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு தினமும் இருக்கிறேன், உனக்கு அது வரவேண்டாம்.

தாத்தாவின் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பொடிந்திருக்கும். அதை மட்டும் மாற்றிவிடலாம். வைஃபை பெறும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேர்த்தால் அவையும் மற்ற அறைகளோடு சேர்ந்து பாடும். ஹாலுக்கு அவற்றையே வை, அங்கே புதிதாக வாங்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் நாங்கள் வரும்போது அப்பாவின் ஹெட்போனும் டிரான்ஸ்மிட்டரும் கூடவே வரும். உன் டிவியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு, ஆப்டிக்கல் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதற்கேற்ற கம்பியை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா