ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டு: ஃபோர்ட் கொச்சி ஓட்டல் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் அம்மாவுடன் உங்கள் ஓட்டலில் இரண்டு இரவு தங்கிய கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதுகிறேன். கீழ்த்தள அறை கேட்டு நான் எழுதியதும், உறுதி என்று நீங்கள் பதில் போட்டதும், வந்து நின்றபோது அந்த அறை கல்யாண வீட்டாருக்குப் போயிருந்ததும் உங்களுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. எனக்குப் பேச வேண்டியது உங்கள் மாடிப்படியைப் பற்றி.

மொத்தம் 21 படி. தேக்கு, செங்குத்து, மெழுகு தேய்த்துப் பளபளவென்று இருக்கிறது. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் முழங்கால் உயரத்தில் ஓர் அலங்காரத் தடுப்பு. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 73 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. ஏறும்போது நானும் உங்கள் ரூம்பாயும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். மறுநாள் காலை இறங்கும்போது அம்மா எங்கள் கையை விலக்கிவிட்டார். "நீ முன்னால போய் நில்லு கண்ணு, நான் ஒக்காந்தே எறங்கிக்கறேன்" என்றவர், கட்டியிருந்த புதுப் புடவையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு படி உட்கார்ந்து, நகர்ந்து, அடுத்த படி உட்கார்ந்து, அப்படியே 21 படியும் இறங்கினார். சிற்றுண்டிக்கு வந்தவர்கள் கீழே ஒதுங்கி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனதோடுதான் திருப்பினார், ஆனால் அம்மாவுக்கு அதுதான் சுருக்கென்றது. கீழே வந்ததும், "வா, காப்பி ஆறிடும்" என்றார். அவ்வளவுதான்.

கைப்பிடி ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "ஹெரிடேஜ் கட்டடம் சார், ஒன்றையும் தொடக்கூடாது" என்றார் உங்கள் மேலாளர், மிகப் பணிவாக.

சரி. நடுமுற்றத்தில் நீச்சல்குளம் எப்படி வந்தது? சுண்ணாம்புச் சுவரைத் துளைத்து ஏசிக் குழாய் எப்படிப் போனது? 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஏசியும் கையுமாகவா வந்திறங்கினார்கள்? பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: புதிதாகச் சேர்ப்பது எதுவும் பிற்பாடு கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சுவரில் நாலு தாங்கியும் அதன்மேல் ஒரு தேக்குக் கட்டையும் வைத்தால் நாளைக்கே கழற்றிவிடலாம். குளத்தைக் கழற்ற முடியுமா?

உங்கள் ஓட்டலுக்கு எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில்தான் வந்தோம். மிதக்கும் மேடை படகின் தளத்தோடு சமமாக நிற்கிறது. அலை அடிக்கிற காயலில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கினார். கரைக்கு வந்த பிறகுதான் கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது உங்கள் ஓட்டலுக்குக் கூப்பிடு தூரத்தில், வெளி என்கிற மைதானத்துப் பக்கம். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்ச் சீமையிலிருந்து கூட்டிவரப்பட்ட வண்ணார்கள் நாங்கள் என்று வீட்டில் சொல்வார்கள். 1976இல் தோபிகானா என்கிற பொதுச் சலவைக்கூடம் கட்டும் முன்பு, குளத்தங்கரையில் வெளுத்து, வெள்ளாவி வைத்து, கஞ்சி போட்டு, முறுக்குக் கயிற்றில் கிளிப் இல்லாமல் சொருகிக் காயவைத்த தலைமுறை என் தாத்தாவுடையது. உங்கள் கட்டடம் கம்பெனி பங்களாவாக இருந்த நாளில் அதன் படுக்கை விரிப்புகளும் அவர் கையில்தான் வெளுத்தன. அந்தக் கட்டடத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. படுத்ததும் விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "மிஷின்ல போட்டது" என்றார்.

வரவேற்பறைச் சுவரில் டச்சுக்காரர் கதை இருக்கிறது, ஆங்கிலேயர் கதை இருக்கிறது. ஒரு கரி இஸ்திரிப் பெட்டியையும் அழகுக்கு வைத்திருக்கிறீர்கள். அதை வைத்துத் துணி தேய்த்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. போகட்டும், பலகை எழுதச் சொல்லி நான் மடல் போடவில்லை. பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும்.

கேட்பது இவ்வளவுதான்: அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் வந்துபோகிற தனியார் கட்டடங்களையும் சேர்த்தே பேசுகிறது என்பதை உங்கள் வக்கீல் சொல்லியிருப்பார். நான் அதைக் காட்டி மிரட்டவில்லை. வாடகையில் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. கைப்பிடி வையுங்கள். அதுவரைக்குமாவது, கீழ்த்தளம் என்று சொல்லிப் பதிந்தவர்களுக்குக் கீழ்த்தளத்தையே கொடுங்கள்.

வைத்த அன்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். அம்மா முற்றத்துச் செண்பக மரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லையாம். இன்னொரு தடவை வர வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
மாடி அறையில் தங்கியவரின் மகன்
கொழிஞ்சாம்பாறை