கித்தாருக்குக் கொடுத்த முன்பணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அம்மா எழுதியிருந்தார். மகன் ஜாஸ் வாசிக்கிறானாம், ஆர்ச்டாப் கித்தார் ஒன்றைச் சொல்லிச் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம், இருபத்தையாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகுமாம். ஆறு கம்பிக்கும் ஒரு மரப்பெட்டிக்கும் இது பகல் கொள்ளை இல்லையா என்பது அவர் கேள்வி. அதைப் படித்துவிட்டு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் இந்தக் கூத்தை இரண்டு தடவை ஆடியவன், ஒரு தடவை ஏமாந்தும் இன்னொரு தடவை ஒழுங்காகவும், அதனால்தான் எழுதுகிறேன்.

விலையைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூர் வீணையில் ஏகாந்த வீணை என்று ஒன்று உண்டு, குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் அது ஒட்டு வீணை. இரண்டுக்கும் ஒரே விலையா என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. ஆர்ச்டாப்பும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். மேல்பலகை வயலின் மாதிரி புடைத்திருக்கும், இரண்டு பக்கமும் எஃப் வடிவத்தில் துளை. அந்தப் புடைப்பு பலகையை வளைத்து வருவதில்லை. ஓர் அங்குலம் போல கனமான ஸ்ப்ரூஸ் மரத்துண்டைப் பிளந்து, புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டு பாதியையும் ஒட்டி, நடுவில் ஆறு மில்லிமீட்டர் அளவு நிற்கும்வரை செதுக்கிக்கொண்டே போகவேண்டும், ஓரத்தில் இன்னும் மெல்லிசாக. காசு கொடுத்து வாங்கிய மரத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் கிடக்கும். அடிப்பலகை மேப்பிள், அதையும் இப்படியே செதுக்கவேண்டும். நடுநடுவே விரலால் தட்டிக் கேட்டு, இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் அவ்வளவுதான், புது மரம், முதலிலிருந்து வேலை. நியூயார்க்கில் 1932-இல் கடை திறந்த ஜான் டி'ஆஞ்செலிக்கோ 1964-இல் இறக்கும்வரை இதே வேலையாக இருந்தும் அவர் பெயரில் வந்த கித்தார்கள் ஆயிரத்துச் சொச்சம்தான்.

அதற்காக எல்லாரும் செதுக்கியதையே வாங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ப்ளைவுட்டை அச்சில் வைத்து அழுத்திய ஆர்ச்டாப்பும் இருக்கிறது, சில ஆயிரம் வெள்ளியில் கிடைக்கும். கிப்சன் கம்பெனி 1949-இல் கொண்டுவந்த இ.எஸ்-175 அப்படிப்பட்டதுதான், ஜாஸில் பெயர்போன ஜோ பாஸும் ஜிம் ஹாலும் அதை வாசித்தார்கள். டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி வைத்து வாசிக்கிறவனுக்குச் செதுக்கிய பலகை தலைவலி, ஆம்ப்ளிஃபையர் சத்தத்துக்கே அதிர்ந்து ஊளையிட ஆரம்பித்துவிடும். தம்பி எங்கே, யாரோடு வாசிக்கிறான் என்று தெரியாமல் நான் பேசக்கூடாது, ஆனாலும் பத்தொன்பது இருபது வயதுப் பையன் என்றால் ப்ளைவுட் போதும் என்பது என் கட்சி.

சரி, என் கதைக்கு வருகிறேன். பத்துவருடம் முன்னால், பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் ஹோட்டல் ஹோட்டலாக வாசித்துக்கொண்டிருந்த காலம் முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த சமயம், ஓர் இடைத்தரகர் அறிமுகமானார். வெளிநாட்டில் செய்து தருவிப்பாராம். “எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் வரும் அண்ணே, ஆறு மாசம்” என்றார். மூவாயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன். அவர் கொடுத்த ரசீதில் இரண்டே வார்த்தை: கித்தார், டெபாசிட். அகலம் எத்தனை அங்குலம், என்ன மரம், எப்போது வரும், ஒன்றும் இல்லை. அப்புறம் மாதாமாதம் ஒரு தகவல். கித்தாரை வைக்கும் பெட்டி தனி, கம்பியின் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப் தனி, கம்பியை முறுக்கும் தங்கமுலாம் பூசிய சாவிகள் தனி, விமானச் சரக்கு தனி, டாலர் வேறு ஏறிவிட்டது. இருபத்துமூன்றாயிரத்தில் வந்து நின்றபோது வேண்டாம் என்றேன், முன்பணம் திரும்ப வராது என்றார். நானும் ஒரு வருடம் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றும் செய்யவில்லை. உள்ளூர் விற்பனையாளர் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்குள் போகவேண்டும், எனக்குத் தெரிந்தபோது அது தாண்டிவிட்டது.

இரண்டாவது தடவை, கித்தார் செய்கிறவரிடமே நேராக எழுதினேன். அவர் மூன்று வாரம் விலையே சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டார். என்ன கனத்தில் கம்பி போடுவாய்? உட்கார்ந்தா நின்றா? பதினேழு அங்குல உடம்பு வேண்டுமா, பதினாறு போதுமா? (பதினாறு என்றேன், என் தொப்பைக்கும் கித்தாருக்கும் மடியில் அதற்குமேல் இடமில்லை.) பிக்கப்பை மேல்பலகையில் வெட்டிப் பதிக்கவேண்டுமா, தொடாமல் மிதக்கவிடவேண்டுமா? இடதுகையை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பச் சொன்னார். சமையலறை மேசையில் விரலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், மனைவி வரைந்தாள், சுண்டுவிரலில் பென்சில் வழுக்கி இரண்டு தடவை அழித்தாள். அதைப் பார்த்துத்தான் கழுத்தின் அகலத்தை முடிவு செய்தார். அப்புறம் எனக்குப் பிடித்துப்போன ஒரு கேள்வி: உன் அறையில் ஏசி எத்தனை மணி நேரம் ஓடும்? அவர் பட்டறையில் ஈரப்பதம் 45, 50 விழுக்காட்டில் வைத்திருப்பார், நம் பினாங்கில் 80-ஐத் தாண்டும். இங்கே வந்ததும் பலகை ஈரத்தைக் குடித்து ஊதும், கம்பி மேலே தூக்கும். நல்லவேளை ஆர்ச்டாப்பில் கம்பிகளைத் தாங்கும் குதிரை பலகையோடு ஒட்டியிருக்காது, அடியில் சின்னத் திருகுச் சக்கரம் இருக்கும், இறக்கிக்கொள்ளலாம். தரகர் இதில் ஒன்றையாவது கேட்டாரா?

அதற்குப் பிறகுதான் விலை வந்தது, ஒரு முழுப்பக்கத் தாளில். 6,000 அமெரிக்க டாலர், மூன்று சம தவணை: ஆரம்பத்தில் ஒன்று, செதுக்கி முடித்துப் படம் அனுப்பியதும் ஒன்று, மெருகு போட்டு அனுப்பும் முன் ஒன்று. பெட்டி உண்டு, பிக்கப் உண்டு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. பாதியில் நான் விலகினால் எவ்வளவு பிடிப்பார், அவரால் முடிக்க முடியாமல் போனால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் இருந்தது. சுங்கத்தில் என்ன கட்டவேண்டும் என்று நான் இங்கேயே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொண்டேன். கழுத்தில் விரல் வைக்கும் ஃபிரெட்போர்டுக்கு என்ன மரம் என்பதையும் பெயரோடு எழுதச் சொல்லுங்கள், பிரேசில் ரோஸ்வுட் என்றால் சைடிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டாது.

டாலர் விஷயம் மட்டும் யார் கையிலும் இல்லை. முதல் தவணை கட்டிய 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தது, நேரம் பார்த்துக் கட்டினேன் பாருங்கள். இரண்டாவது தவணை செப்டம்பர் கடைசியில், 4.12 பக்கம். கடைசித் தவணை 2025 நடுவில், 4.25 போல. கூட்டினால் 26,000 சொச்சம். மொத்தத்தையும் பிப்ரவரியில் கட்டியிருந்தால் 28,800. நேர்மாறாகவும் நடந்திருக்கலாம், அதனால் பத்து விழுக்காடு தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

ஆக, அம்மா, அந்த இருபத்தையாயிரம் கொள்ளையா இல்லையா என்பது தொகையைப் பார்த்தால் தெரியாது. மகனிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லை, வாய்வார்த்தைதான் என்றால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவேண்டாம், சொன்னது யாராக இருந்தாலும் சரி. தாள் இருந்தால் தம்பியை ஜெலுத்தோங்குக்கு அனுப்பி வையுங்கள், ஆசிரியரிடம் என் முகவரி இருக்கிறது. என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கித்தாரையும் வாசித்துப் பார்க்கட்டும். வந்தால் கையை வரைந்து கொடுக்க என் மனைவி தயார், இந்தத் தடவை அழிக்காமல் வரைவாளாம்.

ஒரு பழைய ஹோட்டல் வாத்தியக்காரன்,
ஜெலுத்தோங், பினாங்கு