சேதுவுக்கு, ஒரு பிரிண்டர் விஷயமாக

அன்புள்ள சேது,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் மூட்டுவலி மட்டும் அப்படியே. முருகேசன் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்குமே.

போன வாரம் ஒரு பிரிண்டர் என் மானத்தை வாங்கிவிட்டதடா.

எங்கள் ஆபீசில் ஆறு அறைக்கும் ஒரே லேசர் பிரிண்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் டிரைவர் போட்டு மாளாது என்று, மூலையில் கிடந்த பழைய மெஷினில் டெபியன் லினக்ஸ் ஏற்றி, அச்சு வேலைகளை வரிசையாக வாங்கி அனுப்பும் கப்ஸ் மென்பொருளை வைத்து, அதைப் பிரிண்ட் சர்வராக்கியிருந்தேன். எல்லோரும் அச்சடிக்க வேண்டியதை 631ஆம் போர்ட் என்கிற நெட்வொர்க் வாசல் வழியாகச் சர்வரிடம் கொடுப்பார்கள், சர்வர் அதை 9100ஆம் போர்ட்டில் பிரிண்டருக்குத் தள்ளும். ஒரு மத்தியான வேலை. நீ மேக்கில் பீற்றிக்கொண்டு அடிப்பதும் இதே கப்ஸ்தான், ஆப்பிள் 2007இல் உரிமையை வாங்கிக்கொண்டது, அவ்வளவே. அந்தக் காலத்தில் பிரிண்டர் விவரங்களை எழுதிவைக்கும் பிரிண்ட்கேப் கோப்பில், வரி தொடர்கிறது என்று காட்டும் பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்ததைத் தேடி விடிய விடிய உட்கார்ந்தோமே! வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் கேரியேஜ் ரிட்டர்ன் இல்லாமல் ரிப்போர்ட் படிக்கட்டாக இறங்கிய அன்று முருகேசனுக்கு வைத்த பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். சம்பளச் சீட்டு அடிக்கிற நாள். காலையிலிருந்து ஒரு தாள் வரவில்லை. டோனர் இருக்கிறது, நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அடித்தால் ஜம்மென்று பதில் வருகிறது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன். சர்வரோ முப்பது வினாடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது: முந்தின இரவு கரண்ட் போய் வந்ததில் நெட்வொர்க் முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபி, பிரிண்டருக்குப் புது ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது. பழைய ஐபி யாரிடம் போயிருந்தது தெரியுமா? கேஷியர் அம்மாவின் செல்போனிடம். நான் இத்தனை நேரமும் அந்த அம்மாவின் கைப்பையைத்தான் பிங் அடித்திருக்கிறேன். பிரிண்டருக்கு நிரந்தரமாக ஒரு ஐபி ஒதுக்காமல் விட்டது என் தப்புதான்.

பிரிண்டர் அமைப்பை மாற்றும் எல்பிஅட்மின் கட்டளையில் புது ஐபியைக் கொடுத்து என்டரைத் தட்டினேன். அதற்கு முன் 'கேன்சல் -ஏ' போட்டு வரிசையைக் காலி செய்திருக்க வேண்டும், சந்தோஷத்தில் மறந்துபோனேன். வரவில்லை வரவில்லை என்று அக்கவுண்ட்ஸில் நாலைந்து தடவை அனுப்பியதெல்லாம் ஸ்பூலில், அதாவது சர்வரின் காத்திருப்பு வரிசையில், பத்திரமாக இருந்திருக்கிறது. கொட்டியதே பார்க்கணும்! வராந்தா முழுக்கச் சம்பளச் சீட்டு. ஆபீசே குனிந்து பொறுக்கியது.

நானும் பொறுக்கினேன். என் கையில் வந்தது, நான் வேலை சொல்லிக்கொடுத்த பையனுடையது. சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. என்னைவிட மாதம் 6,000 ரூபாய் அதிகம்.

அவன் மேல் கோபமில்லை, நல்ல பையன். மடித்து அவனிடமே கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் வாய் திறந்து கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உன் கம்பெனியில் யூனிக்ஸ் தெரிந்த கிழவனுக்கு இடம் இருக்குமா? விளையாட்டாகக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வா, பேசலாம்.

உன்,
கதிர்