பெட்ரோலில் தண்ணீர்: 58,500 ரூபாய் இழப்பீடு கேட்டு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடகைக் கார் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
விழுப்புரம்.

பெறுநர்:
மண்டல மேலாளர், சில்லறை விற்பனைப் பிரிவு, எண்ணெய் நிறுவனம்,
சென்னை.

பொருள்: உங்கள் பங்க்கில் போட்ட பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்ததால் கார் பழுதானது – செலவையும் வருமான இழப்பையும் கோருதல்.

ஐயா,

இந்த மாதம் 12ஆம் தேதி இரவு 11.40 மணிக்கு, விழுப்புரத்துக்கு வெளியே சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் உங்கள் பங்க்கில் 2,500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். மூன்று நாளாக விடாத மழை. பங்க் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நிலத்தடி டேங்குகளின் மூடிகள் இருக்கும் மேடையைச் சுற்றியும் அதே தண்ணீர்தான். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வண்டியில் ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் குவைத்துக்கு முதல்முறையாக வேலைக்குப் போகும் ஒரு பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் இருந்தார்கள். விடிவதற்குள் சென்னை விமான நிலையத்தில் இறக்கிவிட வேண்டும்.

பத்து கிலோமீட்டர்கூட ஓடவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி திக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னே போகாமல் உதறியது. செக் இன்ஜின் விளக்கு முதலில் மினுக்கியது, அப்புறம் நிலையாக எரிந்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன். அதற்குப் பிறகு செல்ஃப் அடித்தால் சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பையனுடைய பாஸ்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்த டிரைவரை எழுப்பி, என் கையிலிருந்து 4,500 ரூபாய் கொடுத்து வேறு வண்டியில் அவர்களை அனுப்பிவைத்தேன். பையன் விமானத்தைப் பிடித்துவிட்டான். இந்த விஷயத்தில் நல்லபடியாக நடந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ரெக்கவரி வண்டி வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, காலி கண்ணாடி பாட்டிலில் ஊற்றி பெஞ்சில் வைத்தார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பாட்டிலுக்குள் கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே வழக்கமான ஆரஞ்சு நிறப் பெட்ரோல். கீழே நான்கு விரல் உயரத்துக்கு அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக ஒன்று. நான், மெக்கானிக், பக்கத்து டயர் கடைக்காரர் மூவரும் பார்த்தோம், வீடியோவும் எடுத்திருக்கிறோம்.

நேராக உங்கள் பங்க்குக்குப் போனேன். முந்தைய இரவு எனக்குப் பெட்ரோல் போட்ட நாசிலின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்றார்கள். அதே பங்க்கில் போட்ட பெட்ரோலால் நின்றுபோன பைக்குகளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பில்லையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மேனேஜர் ஒரு ஃபில்டர் பேப்பரைக் கொண்டுவந்து, வேறொரு நாசிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் 'பாருங்க சார், கறையே இல்லை' என்றார். ஃபில்டர் பேப்பரில் கறை நின்றால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். டேங்கின் அடியில் கிடக்கும் தண்ணீரை அது காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் டேங்கில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ராடில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட்டைத் தடவி இறக்கிப் பார்ப்பது. 'அன்றைக்கு டிப் பார்த்த கணக்கையும், பெட்ரோலின் அடர்த்தியைக் குறித்துவைக்கும் டென்சிட்டி ரிஜிஸ்டரையும் காட்டுங்கள்' என்றேன். 'ஓனர் வரணும்' என்றார். ஓனர் இன்றுவரை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து உங்கள் சேல்ஸ் ஆபீசர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது இதுதான்: 'அது தண்ணீர் இல்லை, எத்தனால். அரசாங்கமே 20 சதவீதம் கலக்கச் சொல்கிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை.'

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலால்தான். எத்தனால் என்கிற ஆல்கஹாலும் பெட்ரோலும் கலந்தால் கலந்தபடியே இருக்கும்; சும்மா வைத்தால் தனியாகப் பிரியாது. தினமும் நான் ஓட்டுவதும் அதே எத்தனால் கலந்த பெட்ரோலில்தான். தண்ணீர் உள்ளே போனால் கதை வேறு. கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறிப்போனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். பாட்டிலில் கோடு விழுந்தது அதனால்தான். ஆக, அடியில் நிற்பதில் எத்தனாலும் இருக்கிறது; அந்த அளவுக்கு உங்கள் ஆபீசர் சொன்னது உண்மைதான். அதைப் பெட்ரோலிலிருந்து பிரித்து அடிக்குக் கொண்டுபோனது தண்ணீர். பங்க்கின் நிலத்தடி டேங்கிலும் இதே கதிதான். மோட்டார் இழுப்பதும் அடிப்பக்கத்திலிருந்து. என் காரிலும் ஃபியூயல் பம்ப் டேங்கின் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது முதலில் குடித்ததே அந்தக் கலங்கலைத்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கத் தனி வாட்டர் பேஸ்ட் இருக்கிறது, பழைய பேஸ்ட் சரியாகக் காட்டாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த பங்க்கில் எது இருக்கிறது, மழை நாளில் எத்தனை முறை டிப் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

'தண்ணீர் உங்கள் வண்டியிலேயே முன்பே இருந்திருக்கலாம்' என்று அடுத்து சொல்வீர்கள். அன்று காலை இதே வண்டி புதுச்சேரி போய்த் திரும்பியது, ஒரு இருமல்கூட இல்லை. உங்கள் பங்க்குக்கு வரும்போது டேங்க் கிட்டத்தட்ட காலி. தவிர, அந்த இரண்டு பைக்குகளின் டேங்கில் தண்ணீர் ஊற்றியதும் நானா?

'அது டீலர் நடத்தும் பங்க், அவரிடம் கேளுங்கள்' என்பதும் வேண்டாம். நான் டீலர் பெயரைப் பார்த்து வண்டியைத் திருப்பவில்லை, உங்கள் போர்டைப் பார்த்துத்தான் திருப்பினேன். உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கை நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு விவரம்: ஃபியூயல் பம்ப் மாற்றியது 9,800. இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டன, ஒன்று 3,200 வீதம் 12,800. ஸ்பார்க் பிளக் 1,400. டேங்கைக் கழற்றிக் கழுவியது, லைன் சுத்தம் செய்தது, கூலி எல்லாம் சேர்த்து 4,600. இன்ஜின் ஆயில் மாற்றியது 3,200. ரெக்கவரி வண்டி 3,500. அந்தக் குடும்பத்தை அனுப்பிய வாடகை 4,500. உங்களிடம் பெட்ரோல் என்று நம்பி வாங்கியது 2,500. வண்டி ஒன்பது நாள் ஷெட்டில் நின்றது. எல்லாச் செலவும் போக நாளுக்கு 1,800 என்று வைத்தாலும் 16,200. மொத்தம் 58,500 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் பில்லும், வருமானத்துக்குக் கடந்த மூன்று மாத டிரிப் ஷீட்டும் இணைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன், விபத்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மன உளைச்சலுக்கு என்று இப்போது ஒரு பைசா கேட்கவில்லை. வழக்கு என்று போனால் அதையும் சேர்த்துக் கேட்பேன்.

வாடகை வண்டிக்காரன் நுகர்வோர் ஆகமாட்டான் என்று உங்கள் சட்டப் பிரிவு எழுதினால் அதற்கும் முன்கூட்டியே பதில்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை வணிக நோக்கத்தில் சேர்க்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே வண்டி, ஓட்டுவதும் நான்தான். என் சொந்த ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் நான் பதிந்த புகாருக்கு, ஆறாவது நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியின் நகலையும் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

அந்த பாட்டில் மூடி சீல் வைத்து, மூவரும் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டி, ஒர்க்‌ஷாப் இரும்பு அலமாரியில் பூட்டி இருக்கிறது. சோதனைக்கு ஆள் அனுப்புங்கள், சாட்சிகள் முன்னால் நன்றாகக் குலுக்கிப் பாதி ஊற்றிக் கொடுக்கிறேன். மீதிப் பாதி என்னிடமே இருக்கும். சாவி மெக்கானிக்கிடம், ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்று மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
விழுப்புரம்.